தண்ணீர் மாற்றிய பிறகு மீன் தவிக்கிறதா? அறிகுறியைக் கொண்டு காரணம் காணும் வழிமுறை

வெப்பமண்டல மீன்கள் வளரும் வீட்டுத் தொட்டியில் ஒரு மீன் சோர்ந்தாலே கடைக்கு ஓடி, நீல மருந்தோ மஞ்சள் மருந்தோ வாங்கி ஊற்றுவது பரவலான பழக்கம். தண்ணீரில் உள்ள பிழையை மருந்து தீர்ப்பதில்லை. மெத்திலீன் நீலம் போன்றவை ஃபில்டரில் குடியிருக்கும் நல்ல பாக்டீரியாக்களையும் பாதித்து, ஒரு பிழையை இரண்டாக்கிவிடும். ஆகவே எதையும் ஊற்றுவதற்கு முன் முதலில் கேட்டுக்கொள்ள வேண்டியது இதுதான்: கடைசியாகத் தண்ணீர் மாற்றி எவ்வளவு நேரம் கழித்து மீன் தவிக்கத் தொடங்கியது? நிமிடங்களில் தெரியும் கோளாறுக்கும், மணிக்கணக்கில் தெரிவதற்கும், நாள்கள் அல்லது வாரங்கள் கழித்துத் தலைகாட்டுவதற்கும் காரணங்கள் வேறு வேறு. கீழே உள்ள அறிகுறிகள் ஏறக்குறைய அந்தக் கால வரிசையிலேயே உள்ளன.

இரண்டாவது கேள்வி, அந்தத் தண்ணீர் எங்கிருந்து வந்தது என்பது. இந்தக் குறிப்புகள் சென்னை வீடுகளை மனத்தில் வைத்து எழுதப்பட்டவை. புழல், செம்பரம்பாக்கம், வீராணம் ஏரிகளின் நீரும், நெம்மேலி போன்ற ஆலைகளில் உப்பு நீக்கப்பட்ட கடல்நீரும் குழாய் வழியே வருகின்றன. போதாத நாளில் லாரித் தண்ணீர் வருகிறது. கூடவே போர் தண்ணீரும், அதாவது ஆழ்துளைக் கிணற்று நீரும், ஏறுகிறது. பல அடுக்குமாடிகளில் இவை எல்லாம் ஒரே சம்ப்பில், அதாவது நிலத்தடித் தொட்டியில்தான் கலக்கின்றன. போன வாரம் ஒத்துக்கொண்ட தண்ணீர் இந்த வாரம் ஒத்துக்கொள்ளாமல் போனால், அதே குழாயிலிருந்துதானே பிடித்தோம் என்று வியப்பதில் பொருளில்லை.

சோதனைக்குச் சொட்டு மருந்து வகையிலான பி.எச். (அமில, காரத் தன்மை), அம்மோனியா, நைட்ரைட், கே.எச். (கார்பனேட் கடினத்தன்மை), குளோரின் கிட்டுகளும் ஒரு வெப்பமானியும் போதும். பலர் வைத்திருக்கும் டி.டி.எஸ். மீட்டர் கரைந்துள்ள உப்புகளின் மொத்த அளவைத் தோராயமாகக் காட்டுமே தவிர, அம்மோனியாவைப் பற்றியோ குளோரினைப் பற்றியோ எதையும் சொல்லாது. 150 காட்டும் தண்ணீரில் மீன் சாகலாம்; 900 காட்டும் தண்ணீரில் மோலி குட்டி போட்டுப் பெருகலாம். அந்த மீட்டரை மட்டும் நம்பித் தண்ணீர் தயாரிப்பதுதான், என் கணிப்பில், இன்றைய மீன் வளர்ப்பாளர்கள் செய்யும் மிகப் பெரிய தவறு.

அறையில் பூச்சி ஸ்பிரே அடித்திருந்தால் தவிர, காரணம் எதுவானாலும் முதலுதவி ஒன்றே. ஏர் பம்ப்பை முழு வேகத்தில் ஓட விடுங்கள், உணவை நிறுத்துங்கள், சோதனை முடியும் வரை புதுத் தண்ணீர் எதையும் சேர்க்காதீர்கள்.

அறிகுறி: தண்ணீர் ஊற்றிய சில நிமிடங்களில் மீன்கள் பாய்ந்து, துள்ளி, மேற்பரப்பில் வாய் திறக்கின்றன

முதல் சந்தேகம் குளோரின் மீது விழ வேண்டும். இந்தியக் குடிநீர்த் தரநிலையான ஐ.எஸ். 10500, வீட்டுக் குழாயை எட்டும்போது லிட்டருக்குக் குறைந்தது 0.2 மி.கி. எஞ்சிய குளோரின் இருக்க வேண்டும் என்கிறது. மனிதர்களுக்கு அது பாதுகாப்பு. நன்னீர் உயிர்களுக்காக அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை வகுத்த குறுகிய கால வரம்போ 0.019 மி.கி. மட்டுமே. நாம் நிம்மதியாகக் குடிக்கும் தண்ணீர், மீனின் செவுளுக்கு அதன் வரம்பைப் போலப் பத்து மடங்கு கடுமையானது.

அதைவிட ஆபத்தானது, சம்ப்பைக் கழுவிய பிறகோ மழைக்காலத்திலோ கைக்கணக்கில் கொட்டப்படும் பிளீச்சிங் பவுடர். புதிதாகத் திறந்த பவுடரில் மூன்றில் ஒரு பங்கு குளோரின் என்று கொண்டால், 10,000 லிட்டர் சம்ப்பில் 100 கிராம் போட்டதுமே லிட்டருக்கு 3 மி.கி.க்கு மேல் ஏறிவிடும். போட்டது யார், எப்போது என்று மாடியில் இருப்பவருக்குத் தெரிவதில்லை. எனவே, வாளியில் பிடித்த தண்ணீரைத் தொட்டியில் ஊற்றுவதற்கு முன் சிறிதளவை வெள்ளைக் கிண்ணத்தில் எடுத்து, குளோரின் சோதனைச் சொட்டை விடுங்கள். வெளிர் மஞ்சள் படர்ந்தால் சாதாரண அளவு. எலுமிச்சை மஞ்சளைத் தாண்டி ஆரஞ்சு நிறத்துக்குப் போனால் யாரோ சம்ப்பில் பவுடர் போட்டிருக்கிறார்கள். நிறமே மாறாவிட்டால்தான் அந்தத் தண்ணீர் தொட்டிக்கு ஏற்றது.

தீர்வு எளிது. கடைகளில் ஆன்டி-குளோரின் என்று விற்கப்படும் சொட்டு மருந்துகளில் பெரும்பாலும் இருப்பது சோடியம் தயோசல்பேட். பழைய போட்டோ ஸ்டுடியோக்காரர்கள் ஹைப்போ என்று சொல்லும் அதே படிகம். ஒரு பங்கு குளோரினுக்கு ஏறத்தாழ ஏழு பங்கு படிகம் வேண்டும் என்பது கணக்கு. லிட்டருக்கு 3 மி.கி. குளோரின் உள்ள 50 லிட்டர் தண்ணீருக்கு 1 கிராம் படிகம் ஏறக்குறையச் சரியாக இருக்கும். வேலை உடனே நடந்துவிடுவதால், மீனுள்ள தொட்டியிலும் அவசரத்துக்கு இதைக் கரைத்து ஊற்றலாம். மருந்துப் புட்டியில் அச்சிட்டிருக்கும் அளவு சாதாரணக் குழாய்த் தண்ணீருக்கானது. பவுடர் போட்ட சம்ப்புக்கு அது பற்றாது. ஆகவே மருந்து விட்ட பிறகு கிண்ணத்தில் மீண்டும் ஒருமுறை சோதித்துப் பார்க்க வேண்டும்.

குளோரின் இல்லை, ஆனால் நிமிடங்களில் தவிப்பு என்றால் வெப்பமானியை எடுங்கள். மே மாத நண்பகலில் மொட்டை மாடியில் உள்ள கறுப்புத் தொட்டியிலிருந்து இறங்கும் தண்ணீர் கையைச் சுடும். வெப்பமண்டல மீன் என்ற பெயரைப் பார்த்து எந்தச் சூட்டையும் தாங்கும் என்று நினைத்துவிடக் கூடாது. பெரும்பாலானவற்றுக்கு 24 முதல் 28 டிகிரியே உகந்தது. 25 டிகிரியில் லிட்டருக்கு 8 மி.கி.க்குச் சற்று மேல் ஆக்சிஜனைப் பிடித்துவைக்கும் நன்னீர், 35 டிகிரியில் 7 மி.கி.யைக்கூடப் பிடித்துவைக்காது, அதே சூட்டில் மீனுக்கு ஆக்சிஜன் தேவையோ கூடுகிறது. காலையில் பிடித்து நிழலில் வைத்த தண்ணீரை மாலையில், தொட்டியின் வெப்பநிலைக்கு இரண்டு டிகிரிக்குள் வந்த பிறகு ஊற்றுவதே முறை.

புதிய வீடு, புதிய சம்ப் என்றால் பி.எச். அளவைக் கட்டாயம் பாருங்கள். காய்ந்து பழகாத சிமெண்டிலிருந்து சுண்ணாம்பு கசிந்து, பி.எச். 10 வரைகூடப் போகும். பல முறை நிரப்பி வடித்த பிறகே அந்தத் தண்ணீரை நம்பலாம். புதுச் சிமெண்டுத் தொட்டியில் வாழைமட்டையை ஊறப்போட்டு வடிப்பது நம்மூர் மீன் வளர்ப்பாளர்களின் பழைய கைப்பழக்கம்; அது நல்லதே, ஆனாலும் மீன் விடுவதற்கு முன் பி.எச். 8.5க்குக் கீழே வந்து இரண்டு மூன்று நாள் அங்கேயே நிற்கிறதா என்பதைச் சோதனையால்தான் உறுதி செய்ய வேண்டும்.

அறிகுறி: போர் தண்ணீர் ஊற்றிய சில மணி நேரத்தில் மீன்கள் அடியில் படுக்கின்றன, அல்லது மேலே தொங்குகின்றன

ஆழ்துளைக் கிணற்று நீரில் இயல்பாகக் குளோரின் கிடையாது. ஆகவே ஆன்டி-குளோரின் ஊற்றிப் பயனில்லை. அதன் சிக்கல் வேறு. நிலத்தடியில் காற்றுப் படாமல் கிடந்த அந்த நீரில் ஆக்சிஜன் மிகக் குறைவாகவும் கரியமில வாயு மிகுதியாகவும் இருக்கும். புதிதாகப் பிடித்ததும் பி.எச். 7 என்று காட்டி, ஏர் ஸ்டோன் போட்டு ஒரு நாள் கழித்துப் பார்த்தால் 8 என்று காட்டுவது இதனால்தான். கரியமில வாயு வெளியேற வெளியேற பி.எச். ஏறுகிறது. நேராகத் தொட்டியில் ஊற்றினால், அந்த ஏற்றம் முழுவதும் மீன்களின் நடுவே நிகழும்.

ஒரு வாளியில் பிடித்த உடனே ஒரு முறையும், 24 மணி நேரம் காற்றூட்டிய பிறகு ஒரு முறையும் பி.எச். அளந்து குறித்துக்கொள்ளுங்கள். உங்கள் தண்ணீரின் உண்மையான பி.எச். இரண்டாவது எண்தான். இதே சோதனை வேறு இரண்டையும் காட்டிக்கொடுக்கும். பிடிக்கும்போது கண்ணாடி போல இருந்த நீர் மறுநாள் பழுப்பேறி, வாளியின் அடியில் செம்மண் போன்ற வண்டல் படிந்தால் அதில் இரும்பு இருக்கிறது. காற்றூட்டி, தெளியவைத்து, மேல்நீரை மட்டும் பஞ்சு வழியாக வடித்து எடுக்க வேண்டும், இல்லாவிட்டால் அந்த நுண்துகள்கள் செவுளில் படியும். பிடித்தவுடன் அழுகிய முட்டை வாடை வந்தால் அது ஹைட்ரஜன் சல்பைடு. வாடை அறவே நீங்கும் வரை காற்றூட்டாமல் ஒரு குவளைகூடத் தொட்டிக்குள் போகக் கூடாது.

ஹோஸ் குழாயை நேராகத் தொட்டிக்குள் விட்டு நிரப்பியவர்கள், கண்ணாடியிலும் மீனின் துடுப்பிலும் பொடிப்பொடியாகக் குமிழ்கள் ஒட்டியிருப்பதைக் காணலாம். அழுத்தத்தில் இருந்த நீரில் அளவுக்கு மீறிக் கரைந்த வாயு வெளியே வருவதன் அடையாளம் அது. கண்ணாடியில் மட்டும் என்றால் கவலையில்லை. மீனின் கண்ணோரத்திலும் துடுப்பின் தோலுக்குள்ளும் தெரிந்தால் மேற்பரப்பு நன்றாகக் கலங்கும்படி காற்றூட்டி வாயுவை வெளியேற்ற வேண்டும்.

அறிகுறி: தண்ணீர் தெளிவு, குளோரினும் இல்லை, ஆனால் இரண்டு மூன்று நாளில் மீன்களின் துடுப்பு சுருங்கி, செவுள் சிவந்து, ஒவ்வொன்றாகச் சாகின்றன

இங்கே குற்றவாளி பெரும்பாலும் அம்மோனியா. இதில் சற்று நிதானித்துப் பார்க்க வேண்டும், ஏனெனில் கிட்டில் காணும் எண்ணை மட்டும் வைத்து ஆபத்தை அளக்க முடியாது. தண்ணீரில் அம்மோனியா இரண்டு வடிவங்களில் இருக்கிறது. அம்மோனியம் என்ற அயனி ஏறக்குறைய சாதுவானது, கரைந்த வாயுவாக உள்ள அம்மோனியாவே நஞ்சு. 25 டிகிரியில் பி.எச். 7 என்றால் மொத்தத்தில் அரை சதவீதத்துக்குச் சற்று மேல் மட்டுமே நஞ்சு வடிவில் இருக்கும், பி.எச். 8 ஆனால் 5 சதவீதத்தைத் தாண்டும். 9 ஆனால் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல். ஆகவே பி.எச். தாழ்ந்த ஆர்.ஓ. தண்ணீர்த் தொட்டியில் பொறுத்துக்கொள்ளக்கூடிய ஓர் அளவு, பி.எச். உயர்ந்த போர் தண்ணீர்த் தொட்டியில் உயிரைப் பறிக்கும்.

அம்மோனியா வரும் வழிகளைத் தேடுங்கள். தொட்டி புதியது என்றால் விடை வெளிப்படை: அம்மோனியாவை நைட்ரைட்டாகவும், அதை நைட்ரேட்டாகவும் மாற்றும் பாக்டீரியாக்கள் ஃபில்டரில் குடியேற நான்கு முதல் ஆறு வாரங்கள் ஆகும். சென்னையின் வண்ணமீன் சந்தையான கொளத்தூரில் ஞாயிற்றுக்கிழமை தொட்டியும் மீனும் ஒன்றாக வாங்கி அன்றே விட்டுவிடுவதன் விலை இது. நன்கு பழகிய, நோயில்லாத தொட்டியின் ஸ்பாஞ்சை உங்கள் ஃபில்டரில் பிழிந்துவிட்டால் அந்தக் காலம் வெகுவாகக் குறையும். தொட்டி பழையது என்றால், ஃபில்டர் ஸ்பாஞ்சைக் குழாய்த் தண்ணீரில் நுரை போகத் தேய்த்துக் கழுவினீர்களா, சில மணி நேரம் மின்சாரம் நின்று மூடிய ஃபில்டர் காற்றில்லாமல் கிடந்ததா, கல் இடுக்கில் செத்த நத்தையோ மீனோ கிடக்கிறதா என்று பாருங்கள். ஸ்பாஞ்சைத் தொட்டியிலிருந்து எடுத்த பழைய தண்ணீரில் அலசுவதே முறை.

எளிதில் புலப்படாத வழி ஒன்றும் உண்டு. கழிவுநீர் கலந்த மூலநீரில் அம்மோனியா இருந்து, அதில் குளோரின் சேர்ந்தால் குளோரமைன் தானாகவே உருவாகும். திறந்து வைத்தால் ஒரு நாளில் குளோரின் பறந்துவிடும் என்ற பழைய விதி குளோரமைனுக்குச் செல்லாது. ஹைப்போ அதில் குளோரினை மட்டும் முறித்துவிட்டு அம்மோனியாவைத் தண்ணீரிலேயே விட்டுவிடும். ஆகவே ஆன்டி-குளோரின் சேர்த்த வாளித் தண்ணீரிலும் ஒருமுறை அம்மோனியா சோதனை செய்யுங்கள். அங்கேயே அம்மோனியா காட்டினால், அம்மோனியாவையும் கட்டிப்போடும் கண்டிஷனர் வாங்க வேண்டும். அல்லது அந்த நாளின் தண்ணீரைத் தவிர்க்க வேண்டும். அம்மோனியா கிட்டுகளில் நெஸ்லர் வகை, கண்டிஷனர் கலந்த நீரில் பொய்யாக அம்மோனியா காட்டக்கூடும். சாலிசிலேட் வகையே நம்பத்தக்கது.

தீர்வாக, சரியான முறையில் தயாரித்த, அதே பி.எச். கொண்ட தண்ணீரால் நாள்தோறும் கால் பங்கு மாற்றுங்கள். பி.எச். 6.5 உள்ள தொட்டியில் பி.எச். 8 உள்ள தண்ணீரைப் பாதிக்குப் பாதி ஊற்றினால், சாதுவாக இருந்த அம்மோனியம் நஞ்சாக மாறி, காப்பாற்றப் போன கையே கொன்றுவிடும்.

அறிகுறி: அம்மோனியா இல்லை, காற்றும் நன்றாக ஓடுகிறது, ஆயினும் மீன்கள் மூச்சு வாங்குகின்றன, செவுள் பழுப்பாக இருக்கிறது

நைட்ரைட் சோதியுங்கள். மீனின் இரத்தத்தில் புகும் நைட்ரைட், ஹீமோகுளோபினை ஆக்சிஜன் சுமக்க முடியாத வடிவமாக மாற்றிவிடுகிறது. எவ்வளவு காற்றூட்டினாலும் மீனுக்கு மூச்சுத் திணறும். தொட்டி வைத்த மூன்றாவது, நான்காவது வாரத்தில் இது சாதாரணமாகத் தலைகாட்டும். உப்பில் உள்ள குளோரைடு, செவுள் வழியே நைட்ரைட் நுழைவதைத் தடுப்பதால், லிட்டருக்கு 1 கிராம் கல் உப்பைக் கரைத்துக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்ப்பது உயிர் காக்கும் உதவி. பெயரைப் பார்த்துக் குழம்ப வேண்டாம். குளோரைடு வேறு, குளோரின் வேறு. உப்போடு தண்ணீர் மாற்றமும் தொடர வேண்டும். செடிகள் மிகுந்த தொட்டியில் உப்பின் அளவைப் பாதியாக்கிக்கொள்ளலாம்.

அறிகுறி: பல மாதம் நன்றாக இருந்த தொட்டியில் பி.எச். திடீரென 6க்குக் கீழே இறங்குகிறது

கேன் தண்ணீரோ ஆர்.ஓ. தண்ணீரோ மட்டும் ஊற்றுகிறவர்களின் தொட்டியில் இதைக் காண்கிறோம். சுத்தமான தண்ணீர் என்ற எண்ணத்தில் செய்வதுதான், ஆனால் அந்த நீரில் பி.எச். மாற்றத்தைத் தாங்கிப் பிடிக்கும் கார்பனேட் கடினத்தன்மை, அதாவது கே.எச்., கிட்டத்தட்ட இல்லை. ஃபில்டர் பாக்டீரியாக்கள் ஒரு மி.கி. அம்மோனியா நைட்ரஜனை மாற்றும்போது ஏழு மி.கி.க்கு மேல் காரத்தன்மையைச் செலவழிக்கின்றன. கையிருப்பு தீர்ந்ததும் பி.எச். சரிகிறது, பாக்டீரியாவின் வேலையும் மந்தமாகிறது, அம்மோனியா சேரத் தொடங்குகிறது. உடனடியாக, 100 லிட்டருக்கு 6 கிராம் ஆப்பச் சோடா கே.எச். அளவை ஏறத்தாழ 2 டிகிரி உயர்த்தும். இதை ஒரே தடவையில் போடாமல் இரண்டு நாளில் பிரித்துப் போடுங்கள். பேக்கிங் பவுடர் இதற்கு உதவாது.

நிரந்தரத் தீர்வு கலவைதான். 1200 டி.டி.எஸ். உள்ள போர் தண்ணீர் ஒரு வாளிக்கு 50 டி.டி.எஸ். உள்ள ஆர்.ஓ. தண்ணீர் மூன்று வாளி என்று கலந்தால் 340க்கு அருகில் வரும். பெரும்பாலான கலப்பு மீன் தொட்டிகளுக்கு அது ஏற்றது. டிஸ்கஸ், கார்டினல் டெட்ரா போன்ற மென்னீர் மீன்களுக்கு ஆர்.ஓ. பங்கைக் கூட்டலாம். கப்பி, மோலி, பிளாட்டி வளர்ப்பவர்கள் ஆர்.ஓ. பக்கமே போகாமலிருப்பது நல்லது; மென்னீரில் விட்ட மோலி, நகராமல் நின்ற இடத்திலேயே உடலை ஆட்டிக்கொண்டிருக்கும். மருந்து தேடாதீர்கள், கடினநீர் கொடுங்கள். வீட்டுக்கு வாட்டர் சாஃப்ட்னர் பொருத்தியிருப்பவர்கள் அதற்கு முந்தைய குழாயிலிருந்து பிடிக்க வேண்டும். அந்தக் கருவி கால்சியத்தை எடுத்துச் சோடியத்தைக் கொடுக்கிறதே தவிர டி.டி.எஸ்.ஸைக் குறைப்பதில்லை.

அறிகுறி: கடையிலிருந்து வந்த மீன், மெதுவாகப் பழக்கியும் அன்றிரவே சாகிறது

கவரில் வெகு நேரம் இருந்த மீனின் கழிவால் அம்மோனியாவும், மூச்சால் கரியமில வாயுவும் சேர்கின்றன. வாயு பி.எச். அளவைத் தாழ்த்தி வைத்திருப்பதால் அம்மோனியா சாதுவாக இருக்கும். கவரைத் திறந்து வைத்து ஒரு மணி நேரம் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் சேர்த்தால், வாயு வெளியேறி, பி.எச். ஏறி, அந்தக் கவருக்குள்ளேயே அம்மோனியா நஞ்சாகிறது. பல மணி நேரப் பயணம் செய்த மீன் என்றால், மூடிய கவரைத் தொட்டியில் மிதக்கவிட்டு வெப்பநிலை சமமானதும், வலையில் எடுத்து உடனே தொட்டியில் விடுவதே மேல். கவர்த் தண்ணீரைத் தொட்டியில் கொட்ட வேண்டாம். கடைத் தண்ணீரின் டி.டி.எஸ். உங்களுடையதோடு வெகுவாக வேறுபடுகிறதா என்று ஒப்பிட மீட்டர் நன்கு பயன்படும். வேறுபட்டால் ஒரு தனி வாளியில், கடைத் தண்ணீருக்கு நெருக்கமான கலவையில் மீனை வைத்துச் சில நாளில் பழக்கலாம்.

அறிகுறி: தண்ணீரின் நிறம் மட்டும் மாறியிருக்கிறது

பால் போல் கலங்கினால், புதுத் தொட்டியில் அது பாக்டீரியாப் பெருக்கம்; உணவைக் குறைத்துக் காத்திருந்தால் தானாகத் தெளியும், முழுத் தண்ணீரையும் கொட்டுவது மீண்டும் முதலிலிருந்து தொடங்குவதாகும். பச்சை என்றால் வெயில் படுகிறது. தேநீர் நிறம் என்றால் மரக்கட்டையின் சாறு. தீங்கில்லை, ஃபைட்டர் மீன் வளர்ப்பவர்கள் அதற்காகவே காய்ந்த நாட்டு வாதுமை இலையைப் போடுகிறார்கள்.

அறிகுறி: எல்லாச் சோதனையும் சரி, தண்ணீரும் மாற்றவில்லை, ஆனால் இறால் செத்திருக்கிறது, மீன்கள் திருகிச் சுழல்கின்றன

இது தண்ணீர் தயாரிப்பில் நேர்ந்த பிழையன்று, வீட்டிலிருந்து வந்த நஞ்சு. கொசு, கரப்பான் ஒழிப்பு ஸ்பிரேக்களில் உள்ள பைரித்ராய்டு வகை மருந்துகள் மீனுக்கும் இறாலுக்கும் மிகக் கொடியவை. அறையில் அடித்ததை ஏர் பம்ப் உறிஞ்சி நேராகத் தண்ணீருக்குள் அனுப்பிவிடும். ஜன்னலைத் திறந்து, பம்ப்பைக் காற்றோட்டமான வேறு இடத்துக்கு மாற்றி, தயாரித்து வைத்த தண்ணீரால் பாதியை மாற்றி, ஃபில்டரில் புதிய ஆக்டிவேட்டட் கார்பன் போடுங்கள். அறைக்கு மருந்து அடித்தே ஆக வேண்டும் என்றால், பம்ப்பை நிறுத்தி, தொட்டியை ஈரத்துணியால் மூடி, வாடை போன பிறகே திறக்க வேண்டும். ஸ்பிரே அடிக்கவில்லை என்றால் வாளியைப் பாருங்கள்: வீடு துடைக்க ஃபினாயில் கலந்த வாளி, துணி ஊறவைத்த வாளி ஆகியவற்றை எத்தனை முறை கழுவினாலும் பிளாஸ்டிக்கில் மிச்சம் நிற்கக்கூடும். மீன் தண்ணீருக்கென்று ஒரு வாளியும் குவளையும் தனியாக வாங்கி, வேறு நிறத்தில் இருக்கும்படி தேர்ந்தெடுத்து, வீட்டு வேலைக்கு உதவ வருபவரிடமும் அதைச் சொல்லி வையுங்கள்.